சங்கெல்மார்க்கில் நாங்கள் வென்ற கதை

சங்கெல்மார்க் ஏரிக்கரையில் நின்ற பஸ்ஸுக்குள், நான் ஒரு வசனத்தின் நடுவில் இருக்கும்போதே தலைவர் மாமா என் கையிலிருந்த மைக்கைப் பறித்தார். பறித்தார் என்பதுதான் சரியான சொல். அவருடைய வீட்டார் இதை வாசித்தால் 'வாங்கினார்' என்று மாற்றச் சொல்வார்கள். மாற்றமாட்டேன்.

அவர் டென்மார்க்கில், சில்க்போர்க் நகரில், எங்கள் ஈழத் தமிழ் முதியோர் சங்கத்தின் தலைவர். தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். டென்மார்க்கோடு பிரஷ்யாவும் ஒஸ்திரியாவும் மோதிய 1864ஆம் ஆண்டுப் போர் என்றால் எனக்குப் பைத்தியம். அந்தப் போரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த பெரிய சண்டை ஒன்று உண்டு. எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் நடந்த சின்னச் சண்டை. டென்மார்க் படை தன் பழைய அரண்சுவரைக் கைவிட்டு, பெப்ரவரிக் குளிரில், பனி உறைந்த வீதியில் இரவோடு இரவாக வடக்கே பின்வாங்கியது. குதிரைகள் வழுக்கி விழுந்தன. ஒஸ்திரியர் துரத்திவந்தார்கள். சங்கெல்மார்க்கில், வீதி ஏரியை ஒட்டிப்போகும் இடத்தில், இரண்டு ரெஜிமெண்டுகள் திரும்பி நின்று இருட்டும்வரை அவர்களை மறித்தன. மறித்தவர்களில் பலர் செத்தார்கள், பலர் பிடிபட்டார்கள். மற்றப் படை தப்பிப் போனது. அவ்வளவுதான் கதை. அதை அந்த இடத்திலேயே நின்று எங்கள் ஆட்களுக்குத் தமிழில் சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

தலைவர் மாமா உடனே சம்மதித்தார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். காலையில் வெளிக்கிட வேண்டிய பஸ், வழியில் சாப்பிட றோல்ஸ் கொண்டுவரும் அன்ரி ஒருவருக்காக நின்றது. பிறகு ஜேர்மன் எல்லைக் கடையில் நின்றது. டென்மார்க் விலைக்குப் பயந்து சனங்கள் சோடா வாங்கும் அந்தக் கடை வழியில் இருந்ததால்தான் பயணத்துக்கே அவர் ஓம் சொன்னவர் என்பது, பஸ்ஸின் வயிறு சோடாப் பெட்டிகளால் நிறைந்தபோதுதான் விளங்கியது. பெப்ரவரிப் பொழுது எவ்வளவு நேரத்துக்கு நிற்கும்? ஏரிக்குப் போய்ச் சேர வெளிச்சம் மங்கிவிட்டது. குளிருக்கு ஒருவரும் இறங்கவில்லை. சரி, பஸ்ஸுக்குள்ளேயே சொல்லுவோம் என்று தொடங்கினேன். நன்றாகத்தான் போனது. பின் சீற்றிலிருந்து ஓர் ஐயா கேட்டார்: "அப்ப ஆர் பிள்ளை வெண்டது?"

அது அப்படிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, பிறகு என்ன நடந்தது என்றால், என்று நான் இழுக்கும்போதுதான் மைக் போனது.

"எங்கட ஆமி இந்த இடத்தில நிண்டு அடிச்சது," என்றார் தலைவர் மாமா. "வந்தவன் ஒருத்தனும் தாண்டேல்ல. நாங்கள் வெண்டனாங்கள்."

பஸ் கை தட்டியது. சோடா உடைத்தார்கள்.

டென்மார்க் படை எங்கட ஆமியாம். நான் இறங்கினேன். அவரும் பின்னால் இறங்கி வந்து, கழுத்துச் சால்வையை இறுக்கிக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி நின்றார்.

"மாமா, அது பொய். ரெண்டு மூண்டு மாதத்தில எல்லாம் போட்டுது. இந்த நிலமும் போட்டுது. இப்ப நாங்கள் நிக்கிறதே ஜேர்மனியில."

"தெரியும், பிள்ளை. நீ தந்த பேப்பரை நான் வாசிச்சனான்."

"பிறகேன்?"

"உள்ளுக்கு இருக்கிற சனத்தைப் பார், ஊரையே விட்டிட்டு வந்ததுகள். தோத்த கதை கேக்கவே இவ்வளவு தூரம் பஸ் பிடிச்சு வந்ததுகள்?"

நான் பஸ்ஸின் கடைசிச் சீற்றில் போய் இருந்து, நீட்டிய சோடாவையும் வேண்டாம் என்று தள்ளினேன்.

பொய்க்குக் கால் முளைத்தது. பிராண்டே என்ற ஊரில் ஒரு கலியாண வீட்டில், முன்பின் தெரியாத ஒருவர் எனக்கே அந்த வெற்றியை விளக்கினார். சங்கத்தின் வாட்சப் குழுவில் நீளநீளமாகத் திருத்தம் எழுதினேன், வரைபடத்தோடு. இரண்டு கட்டைவிரல்கள் வந்தன. ஒருவர் காலை வணக்கம் போட்டு ரோசாப்பூப் படம் அனுப்பினார். கடைசியில் தலைவர் மாமா எழுதினார்: "நல்ல விளக்கம் பிள்ளை, நன்றி. அடுத்த முறையும் நாங்கள் வெண்ட இடத்துக்கே போவம்." அதற்குத்தான் கட்டைவிரல்கள் குவிந்தன. போனைச் சுவரில் எறியாமல் விட்டது என் பொறுமை.

போன இலையுதிர் காலத்தில் அவர் இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் சாப்பாடு மண்டபத்தில் நடந்தது. அன்றைக்கு பஸ்ஸில் வந்த அதே சனம்தான் மேசைகளில் இருந்தது. அவருடைய பேத்தி, பத்துப் பதினொரு வயதுப் பிள்ளை, என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். டேனிஷில் மெதுவாகக் கேட்டாள். வகுப்பில் 1864 பற்றிப் படிக்கிறார்களாம். சங்கெல்மார்க்கில் நாங்கள் வென்றோம் என்று இவள் எழும்பிச் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்தார்களாம். அம்மப்பா பொய் சொன்னவரா என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

இத்தனை வருடமாக நான் காத்திருந்த கேள்வி. எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். மறித்தவர்கள், தப்பியவர்கள், பிறகு பெரிய சண்டையில் தோற்றது, நிலம் போனது. அம்மப்பாவுக்கும் இது முழுக்கத் தெரியும் என்றும் சொன்னேன். தெரிந்துகொண்டு ஏன் அப்படிச் சொன்னார் என்றாள். அது உனக்காகச் சொன்னது இல்லை, இங்கே இருக்கிற ஆட்களுக்காகச் சொன்னது என்றேன்.

அவள் திரும்பி அந்த மேசைகளைப் பார்த்தாள். பின் சீற்று ஐயா வடையைப் பாயாசத்தில் தோய்த்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவருக்கு எதையோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். 'நிண்டு அடிச்சது' என்ற சொல் எங்கள் காதுவரை வந்தது.

"அப்ப நான் போய் இவைக்கு உண்மையைச் சொல்லட்டே?" என்றாள். அதைமட்டும் தமிழில் கேட்டாள்.

தலைவர் மாமா உயிரோடு இருந்திருந்தால் அவரோடு இன்னொரு சண்டை பிடித்திருப்பேன். மாலை போட்ட படத்தோடு என்னத்தைப் பிடிப்பது? சொல்லு என்பது வாய்வரை வந்துவிட்டது.

"முதல்ல சாப்பிட்டு முடிக்கட்டும்," என்றேன்.