லேப்டாப் மேல் போட்ட பழி

நகரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். புடவை பார்டர் டிசைன் போடும் கௌரியின் பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தது நான்தான். இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தாள். கோடு இழுத்தால் திரையில் ஊர்ந்து ஊர்ந்து வந்தது.

"மெஷின் பழசும்மா, வேற வாங்கிக்கோ" என்றேன் உறுதியாக.

"அப்போ இந்த வேலைய வுட்டுட வேண்டிதாண்ணா."

மனம் கேட்காமல் ஒருமுறை சோதித்தேன். லினக்ஸ் ஏற்றும்போது திரை இருண்டதால், திரையில் படத்தை வேகமாக வரைய உதவும் கிராபிக்ஸ் டிரைவர் ஓடாதபடி நானே ஒரு செட்டிங் போட்டிருந்தேன். எடுக்க மறந்திருக்கிறேன். எடுத்ததும் கோடு கையோடு ஓடியது.

"கைராசிண்ணா உங்களுக்கு!"

பேசாமல் இருந்திருக்கலாம். "இல்லம்மா, தப்பு என்னுதுதான்" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவள் சிரித்துவிட்டாள். "ரெண்டு மாசமா பாவம், இந்த மெஷினத் திட்டிக்கினு இருந்தேனே!"

என் தொழில்மீது எனக்கு இன்றும் நம்பிக்கை உண்டு. ஆனால் இப்போதெல்லாம், முதலில் நான் செய்ததைத்தான் சரிபார்க்கிறேன்.