பூஜ்யம் காட்டிய பெட்டி

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு 'இன்னொருதரம்' என்று பட்டப்பெயர். எந்தக் கேமராவைக் கொடுத்தாலும் மூன்று முறை அளக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். வீட்டிலும் இதே கூத்துதான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கணவர் தலையில் அடித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவளே சறுக்கினாள் என்றால் நம்புவீர்களா?

துறைமுகக் கிரேன்களுக்குப் பன்னிரண்டு கேமராக்கள் வந்திருந்தன. அந்தக் கிரேன்களில் ஒன்றை ஓட்டுபவன் அவள் தம்பி. சரக்குப் பெட்டியை இறக்கும்போது கீழே ஆள் நிற்கிறாரா என்று கேமரா படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் படம் முழுக்கப் புள்ளிகள் துள்ளினால் ஆள் தெரியமாட்டார். அந்தத் துள்ளலுக்கு இரைச்சல் என்று பெயர். படம் எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்று அளந்து சொல்வதே அவள் வேலை.

நல்ல கருவி பழுதுக்குப் போயிருந்ததால், அலமாரியில் கிடந்த பழைய அளவுப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தாள். கேமரா அனுப்பும் மின்சாரத்தை எண்ணாக மாற்ற அதற்கு இருநூற்றைம்பத்தாறு படிகள்தான் உண்டு. லென்ஸை மூடிவிட்டு இரைச்சலை அளந்தாள். பூஜ்யம். இன்னொருதரம் அளந்தாள், மூன்றாம் தரமும் அளந்தாள், பன்னிரண்டிலும் பூஜ்யம்தான். பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

கேமராக்கள் கிரேன்களில் ஏறிய நான்காம் நாள் மாலை, மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்குச் சுரீரென்றது. இரைச்சலே இல்லாத கேமரா உலகத்தில் ஏது? ஒரு படியைக்கூட எட்டாத இரைச்சல் அந்தப் பெட்டியில் எப்படித் தெரியும்? மூட்டை நிறுக்கும் தராசில் குண்டூசியை வைத்துவிட்டு, அதற்கு எடையே இல்லை என்றல்லவா எழுதிக்கொடுத்திருக்கிறாள்! மூன்று தரம் வைத்தால் மட்டும் முள் அசைந்துவிடுமா?

பன்னிரண்டு போக, அதே ரகத்தில் மாதிரிக்கென்று வைத்திருந்த கேமராவை எடுத்தாள். லென்ஸைத் திறந்து மங்கலான விளக்கை வைத்தாள், சின்ன மின்சாரத்தையும் பெரிதாக்கிக் கொடுக்கும் பெருக்கி ஒன்றைப் பெட்டிக்கு முன்னால் செருகினாள். எண்கள் தாறுமாறாகக் குதித்தன. அனுமதித்த அளவைப்போல் மூன்று மடங்கு இரைச்சல். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தம்பிக்கு அன்று மாலை வேலை.

ஃபோன் அடித்து ஓய்ந்தது. அவன் எடுக்கவில்லை. கிரேனுக்கடியில் யாரோ நசுங்கிக் கிடப்பதாகவே அவளுக்குத் தோன்றியது. மறுபடி அடித்தபோது எடுத்தான். இறக்கிக்கொண்டிருந்ததைப் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் எடுத்தானாம். படம் தெரிகிறதா என்று கேட்டாள்.

"நாலு நாளா ஒண்ணும் சரியாத் தெரியலக்கா. நீ பார்த்து அனுப்பின கேமரா, அது தப்பா இருக்காதுல்ல. என் கண்ணுதான் போச்சுன்னு நினைச்சேன். வேலை போயிடுமேன்னு வீட்டுல கூடச் சொல்லல. பக்கத்து கிரேன்காரரும் கண்ணைக் கசக்கிட்டேதான் இருக்காரு."

"உன் கண்ணுல ஒண்ணும் இல்லடா. எதையும் தொடாம இறங்கு," என்றாள்.

அடுத்துத் துறைமுக அலுவலகத்துக்கு அடித்தாள். பன்னிரண்டு கிரேன்களையும் உடனே நிறுத்தச் சொன்னாள், தன் அளவு தப்பு என்றாள். எடுத்தவர் அவளை நன்றாக அறிந்தவர், நம்பாமல் இன்னொருதரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். பன்னிரண்டும் நின்றுவிட்டன என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.