வளைவில் திரும்பாத வண்டி

பெற்றவர்கள் வைத்த பெயரை அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவள் நூலக்கா. சக்கரங்களின் கோணம் பார்க்கும் மெஷின் நான்கு மாதம் பழுதாகிக் கிடந்தபோது, வண்டியின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, இரும்பு அளவுகோலால் மில்லிமீட்டர் பார்த்துச் சக்கரங்களை நேராக்கியதால் வந்த பெயர். புருஷன் இருந்த காலத்திலேயே அந்த வேலை அவள் கைக்கு வந்துவிட்டது. அவனுக்கு எண்கள் என்றாலே ஆகாது. "இங்க வாயேன், என்னமோ சிவப்பா காட்டுது" என்று மாடிப்படியைப் பார்த்துக் கத்துவான்.

அவன் மாரடைப்பில் போனபின் வீட்டுக்குக் கீழே இருந்த ஷெட்டின் பின்பாதி, மெஷினோடு அவளுக்கு வந்தது. முன்பாதி கொழுந்தனின் டயர் கடை. பின்பாதிக்கு வரும் வண்டி அவன் கடை வழியாகத்தான் வந்தாக வேண்டும். அண்ணி மெஷினைத் தன்னிடம் விட்டுவிட்டு மாடியோடு இருந்துவிடுவாள் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். அவள் இருக்கவில்லை. அன்றிலிருந்து அவன் வாயில் 'அண்ணி' போய் 'அந்தம்மா' வந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை பல் டாக்டர் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோடு வந்து இறங்கினார். இறங்கும்போதே குரல் உச்சத்தில் இருந்தது.

"ஏம்மா, போன மாசம் நீ பார்த்துக் குடுத்த வண்டிதானே இது? வளைவுல ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடிச்சாலும் திரும்ப மாட்டேங்குது. மூக்கை நீட்டிக்கிட்டு எதிர் லைனுக்குப் போகுது. ஆளைக் கொல்லப் பார்த்தியா?"

கொழுந்தன் பின்னாலேயே வந்து நின்றான். "டயர் நம்மகிட்ட வாங்கினது சார், புத்தம் புதுசு. கோணத்துலதான் கோளாறு."

அவள் குந்தி உட்கார்ந்து முன் டயரில் உள்ளங்கையை ஓட்டினாள். வெளி ஓரம் துருவி எடுத்ததுபோல் தேய்ந்திருந்தது. உள் ஓரத்தில் புது ரப்பரின் மெல்லிய முடிகள்கூட உதிரவில்லை.

"கம்பெனி சொன்ன அளவுக்குத்தான் வெச்சேன் சார். ஊருக்குள்ள ஓட்ட அது போதும். நீங்க மலை ரோட்டுல விரட்டுறீங்க. வண்டி சாயும்போது டயர் வெளி ஓரத்துல மட்டும் நிக்குது. பிடிப்பு எங்கேர்ந்து வரும்?"

"எப்படி ஓட்டணும்னு நீ எனக்குச் சொல்லித் தராதே."

"நான் சொல்லல. எப்படி ஓட்டியிருக்கீங்கன்னு டயர் சொல்லுது."

டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்தபோதுதான் அந்த நான்கு எண்கள் அவள் கண்ணில் பட்டன. தயாரான வாரம், வருடம். ஆறு வருடப் பழசு. மேலே இரண்டு குடும்பத்துக்கும் ஒரே படிக்கட்டு. வாயை மூடிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

"பொம்பளை கையில மெஷினைக் குடுத்தா இப்படித்தான் சார் ஆகும்" என்றான் கொழுந்தன்.

அவள் எழுந்து நின்று, அந்த எண்களை ஷெட் முழுக்கக் கேட்கும்படி படித்தாள். "ஆறு வருஷம் குடோன்ல கிடந்த ரப்பர் சார் இது. கல்லாட்டம் இறுகிப்போச்சு."

கொழுந்தனின் முகம் கறுத்தது. டாக்டரோ அவள் பக்கம் சாயவில்லை. "ரெண்டு பேரும் ஒரே குடும்பம்தானே? அவன் பழசை மாட்டுவான், நீ கோணலா வெப்பே. நல்ல கூட்டு."

"ஏறுங்க சார்" என்றாள் அவள்.

பின்தெருக் கிடங்குக்கு அப்பால் ஒரு காலி மைதானம். நடுவில் ஒரு டிரம்மை வைத்து, அதைச் சுற்றி அவளே ஓட்டினாள். வேகம் நாற்பத்தைந்தைத் தொட்டதும் மூக்கு வட்டத்தை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு போனது. திரும்பி வந்து, முன்சக்கரங்களின் மேல்பக்கத்தை இரண்டு டிகிரி உள்ளே சாய்த்தாள். ஒன்றையொன்று பார்த்து உள்ளே திரும்பியிருந்த அவற்றின் முன்முனைகளை நேர் செய்தாள். டயரில் கொழுந்தன் நாற்பது பவுண்டுக்கு அடைத்திருந்த காற்றை முப்பத்துமூன்றுக்கு இறக்கினாள். மறுபடி மைதானம். இப்போது ஐம்பத்திரண்டு வரை தாங்கியது.

"இன்னும் தள்ளுதே?" என்றார் டாக்டர்.

"மீதி ரப்பர்ல இருக்கு. பின்னாடி தடி டயர், முன்னாடி ஒல்லி. பின்பக்கம் பிடிக்குது, முன்பக்கம் வழுக்குது. முன்னாடிக்கும் அகலமா, மெத்துன்னு புதுசு போடுங்க. ஆனா ஒண்ணு, அப்புறம் ஈரத்துல பின்பக்கம் லேசாயிடும். பார்த்து ஓட்டணும்."

டாக்டர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். எதிர்த்த கடையில் டயர் வாங்கி மூன்றாம் நாள் வந்தார். அவள் மறுபடி அளந்து வைத்தாள். வண்டி அறுபதிலும் சொன்ன பேச்சைக் கேட்டது. "இதை முதல்லயே பண்ணித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் நன்றி.

அன்று சாயங்காலம் ஓரகத்தி படிக்கட்டில் வழிமறித்தாள்.

"வெளி ஆளுக முன்னாடி அவரை அசிங்கப்படுத்திட்டீங்களே அக்கா. உங்களுக்கே நல்லா இருக்கா?"

"பழைய டயரை வித்தது நானா?"

"வித்தா என்ன? ஓடலையா அது?"

"நல்லா ஓடுச்சு. திரும்பத்தான் மாட்டேன்னுச்சு."

ஓரகத்தி கதவை அறைந்து சாத்தினாள்.

மறுநாள் காலை பின்பாதிக்குப் போகும் வழியில் டயர்கள் அவள் தோள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. கொழுந்தன் டீயை உறிஞ்சியபடி, "ஸ்டாக் வந்திருக்கு, வேற இடமில்ல" என்றான். அவள் இரண்டை உருட்டித் தள்ளினாள். அவன் நான்கைக் கொண்டுவந்து வைத்தான். ஒன்பது நாள் ஒரு வண்டிகூட உள்ளே வரவில்லை. மெஷினைத் துடைப்பதும் ஸ்டூலில் உட்கார்ந்து கொதிப்பதுமாக நாட்கள் கழிந்தன.

பத்தாம் நாள் அவள் கொத்தனாரோடு வந்தாள். பின்சுவரில் முதல் அடி விழுந்ததுமே கொழுந்தன் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான்.

"யாரைக் கேட்டு இடிக்கிறே?"

"பத்திரத்தைக் கேட்டு. போய் உன் டயரை எண்ணு, தம்பி."

பின்தெருவைப் பார்த்து ஷட்டர் ஏறியது. அதற்குப் பதிலடியாக அவன் தன் கடை வாசலில், 'அலைன்மெண்ட் இங்கே கிடையாது' என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்தான். பழைய வாடிக்கைகளில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மலை ரோட்டில் விரட்டும் கூட்டம் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. ஒருத்தருக்கும் பேச்சில் மரியாதை கிடையாது. அவளும் யாருக்கும் டீ வாங்கிக் கொடுக்கவில்லை.

முதல் மழை பெய்த மறுநாள் டாக்டரே வந்தார். "இப்ப பின்பக்கம் வாலை ஆட்டுது. என்ன பண்ணித் தொலைச்சே?"

"அன்னைக்கே சொன்னேன், நீங்க போனைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க. மழையில ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலைத் தூக்கி ஓட்டுங்க. அதுக்கு என்கிட்ட போல்ட்டு கிடையாது."

"திமிரு" என்றார் அவர். ஆனாலும் வண்டியை மேடையில் ஏற்றினார். இரண்டு பாதிக்கும் நடுவே இருந்த தடுப்புக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் வேண்டுமென்றே காற்று கம்ப்ரஸரைப் போட்டுவிட்டான். ஷெட் அதிர்ந்தது. அவள் அதற்கு மேலாகக் கத்தினாள்:

"ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க சார், ஆட்டாதீங்க!"