கிண்ணத்தில் எழுதிய கடிதம்

லண்டனில், மியூசியத்துக்குப் பின்தெருவில், தட்டச்சு செய்து பிழைத்தவள் ஹெஸ்டர் ரூக். கண் கையெழுத்துப் பிரதியை விட்டு அகலாது. விரல்கள் தம்பாட்டுக்கு ஓடும். தாளை உருவிய பிறகுதான் அடித்ததைப் பார்ப்பாள்.

1921-இல் கவிஞர்களுக்கு எகிப்துப் பித்து தலைக்கேறியிருந்தது. பக்கத்து வீட்டுச் சாவுக்கு எட்டிப் பார்க்காதவர்கள், நாலாயிரம் வருஷத்துக்கு முன் செத்தவனுக்காக உருகினார்கள். அவளிடம் தட்டச்சுக்கு வரும் கவிஞர் வேரியன் அந்த ரகம். பழைய எகிப்தில், செத்த கணவனுக்கு மனைவி ஒரு கிண்ணத்தில் கடிதம் எழுதி, ரொட்டி போட்டுக் கல்லறையில் வைப்பாளாம். அப்படி ஒருத்தியை லண்டன் டிராம்களுக்கு நடுவே கொண்டுவந்து கவிதையில் நிறுத்தியிருந்தார். "எங்கே இருக்கிறாய், சொல்" என்று அது முடிந்தது.

அந்த வரியை ஹெஸ்டர் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அடித்தாள். அவள் கணவன் வில்ஃப் போர்முனைச் சேற்றில் காணாமல் போய் நாலு வருஷம். உடல் கிடைக்கவில்லை, இறந்ததாகக் கொள்ளலாம் என்று சர்க்கார் காகிதம்தான் வந்தது. இப்போது டிராம் கண்டக்டர் பெர்சியோடு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வழக்கப்படி மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பைத் தேவாலயத்தில் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. ஆட்சேபம் உண்டா என்று பாதிரியார் நிறுத்தும்போதெல்லாம், பின்வரிசையில் வில்ஃப் எழுந்து நிற்பானோ என்று பயந்து, திரும்பிப் பார்க்காமலே இருப்பாள். நாளை மூன்றாவது, கடைசி அறிவிப்பு.

தாளை உருவினாள். அடியில், பிரதியில் இல்லாத ஒரு வரி இருந்தது. "சேத்துலதான் கெடக்கேன், ஹெட்டி. காத்திருக்காதே."

வில்ஃப் ஒருவன்தான் அவளை ஹெட்டி என்பான்.

வந்து படித்த வேரியனுக்குத் தலைகால் புரியவில்லை. "பிரமாதம். நானா எழுதினேன் இதை? என் கிறுக்கல் எனக்கே புரியாதே. ஆனா அந்தக் காத்திருக்காதே மட்டும் அழுமூஞ்சித்தனம், எடுத்துடுங்க" என்று அதன்மேல் பேனாவால் கோடு கிழித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

மறுபடி அடித்தாள். இந்த முறை கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொள்ள நினைத்தும் துணிவு வரவில்லை. உருவிப் பார்த்தாள்.

"காத்திருக்காதேன்னு சொன்னேனே, ஹெட்டி."

 வாய்விட்டு அழுதாள். கத்தரிக்கோல் எடுத்து இரண்டு தாளிலும் அந்த வரிகளை வெட்டிக்கொண்டாள். திரும்பி வந்த வேரியன் வெட்டிய வரியைத் திருப்பித் தரச் சொல்லிக் குதித்தார்.

"அது உங்க கவிதை இல்லீங்க. எனக்கு வந்த பதில்" என்றாள்.

மறுநாள் பாதிரியார் வாசித்து நிறுத்தினார். ஹெஸ்டர் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் எழவில்லை. வில்ஃப் ஒரு தடவை எழுந்து நின்றால்தான் என்ன என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.