பஸ்காரி எங்கே போனாள்

மொழிபெயர்ப்பில் பொய் சொல்கிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. மெல்பேர்ன் ஆஸ்பத்திரிகளில் பதினெட்டு வருடமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். டொக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருவேன். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். டொக்டர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்பேன். நோயாளி ‘எனக்கு நோகுது’ என்றால் அதையும் என் நோவாகவே ஆங்கிலத்தில் சொல்லுவேன். எங்கள் வேலையின் முறை அது.

எங்கள் சனத்துக்கு இது பிடிக்காது. அறைக்குள் போகுமுன் மகனோ மருமகளோ என்னை ஓரமாகக் கூப்பிடுவார்கள். ஒருவன், நாற்பது வயது இருக்கும், கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டான்.

“அக்கா, அம்மாவுக்கு அந்தச் சொல்லை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. வயித்துப்புண் எண்டு சொல்லுங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“அது என்ர வேலை இல்லைத் தம்பி. டொக்டர் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவன். நீங்கள் இப்ப கேட்டதையும் டொக்டரிட்டைச் சொல்லுவன்.”

சொன்னேன். அவனுடைய தாய் அழுதார். பிறகு ஒருநாள் தமிழ்க் கடையில் என்னைக் கண்டவன் மரக்கறித் தட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். போனால் போகட்டும் என்று முருங்கைக்காயைத் தெரிந்து எடுத்துக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது ஒரு பெருமையாகத்தான் இருந்தது.

அம்மா கடைசி ஆறு வருடமும் மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னில் எங்களோடுதான் இருந்தார். என் கணவருக்கு மாலைநேர வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா தலைக்கு முழுகி, விளக்கு வைத்து, திருநீறும் பூசிக்கொண்டு வந்து சோபாவில் உட்காருவார். தமிழ்த் தொடர்கள் அவருக்கு அலுத்துப்போயிருந்தன. “மாமி மருமகளுக்கு நஞ்சு வைக்கிறதை விளக்கு வைச்ச கையோடை நான் ஏன் பாக்கவேணும்?” என்பார். நான் அப்போது ஓர் அமெரிக்க நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு உயர்பள்ளிக்கூடம், அந்தப் பள்ளிக்கூடத்தின் புட்போல் அணி. வெள்ளிக்கிழமை வந்தால் ஊர் முழுக்கக் கடையைப் பூட்டிவிட்டு ஆட்டத்துக்குப் போகும். கதை அவ்வளவுதான்.

“உவங்கள் ஏன் தலையிலை சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு முட்டுப்படுறாங்கள்?” என்று அம்மா கேட்டார்.

“இதுதான் அவையின்ர புட்போல்.”

“இஞ்சை பக்கத்து வீட்டுப் பெடியள் காலாலை உதைக்கிறாங்கள். உவங்கள் கட்டிப்பிடிச்சுக்கொண்டு விழுறாங்கள். என்ன விசர் விளையாட்டோ.” சொல்லிவிட்டு எழும்பிப் போகவில்லை. ஆட்டம் தொடங்குமுன் பெடியள் எல்லாரும் ஒரு முழங்காலில் நின்று கும்பிட்டார்கள். “பார், கும்பிட்டுப்போட்டுத்தான் தொடங்குறாங்கள். நல்ல வளர்ப்பு,” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பகுதி. அம்மாவுக்கு ஆங்கிலம் கடைக்குப் போய்வரும் அளவுதான். படத்தை நிறுத்தி நிறுத்தி நான் மொழிபெயர்ப்பேன். பழக்கதோஷம், வீட்டிலும் ‘நான்’ என்றுதான் வரும். பயிற்சியாளர் கத்தினால் நான் கத்துவேன். ஒரு பெட்டை அழுதால் அவளுடைய சொல்லை நான் சொல்லுவேன். “உன்னை வைச்சு ஒரு கூத்தே ஆடலாம்,” என்று அம்மா சிரிப்பார்.

அம்மாவுக்கு அதில் ஒருத்தியைத்தான் பிடித்தது. பந்தை எறிகிற பெடியனின் தாய். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வெளியூர் ஆட்டங்களுக்கு அணியை அவள்தான் ஏற்றிக்கொண்டு போவாள். ஆட்டம் தொடங்குமுன் அந்தப் பெடியன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துத் தாயைத் தேடுவான். பஸ் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியை அவள் தூக்கிக் காட்டுவாள். அதைக் கண்ட பிறகுதான் சட்டியைத் தலையில் போடுவான். “பஸ்காரி வந்திட்டா. இனி வெல்லுவாங்கள்,” என்று அம்மா காலை மடக்கிக்கொண்டு வசதியாக உட்காருவார்.

ஆவணி போல அம்மா மெலியத் தொடங்கினார். சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்துக்குத் தள்ளினார். முதுகு நோகுது என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிந்தது. குடும்ப டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, அவசரமாக ஸ்கான் எடுக்க எழுதித் தந்தார். எழுதும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினெட்டு வருடம் எத்தனையோ டொக்டர்மாருடைய முகத்தைப் பார்த்தவள் நான். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அம்மாவிடம், “பித்தப்பையிலை கல்லோ எண்டு பாக்கப்போயினமாம்,” என்றேன். டொக்டர் அப்படிச் சொல்லவே இல்லை.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமைதான் நாடகத்தில் பஸ்காரி செத்தாள். எனக்கு முன்கூட்டித் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பகுதியைப் போட்டே இருக்கமாட்டேன். கட்டிலில் படுத்துக்கொண்டு மகனோடு பேசுகிறாள். கான்சர், டொக்டர் கைவிட்டுவிட்டார், தனக்கு நாள் இல்லை. எல்லாவற்றையும் நேராகவே, அம்மாவுக்குப் பிடிபடாத இழுவை ஆங்கிலத்தில் சொல்கிறாள். அம்மா என் பக்கம் திரும்பினார். “என்னவாம்?”

என் வாயில் வந்தது வேறு ஏதோ.

“அவவுக்கு உடம்பு ஏலாதாம் அம்மா. தமக்கை வீட்டை போய்க் கொஞ்சநாள் நிண்டிட்டு வரப்போறாவாம்.”

“அதுக்கேன் பெடியன் உப்பிடி அழுறான்?”

“தாயை விட்டு இருந்ததில்லையாம்.”

நல்லகாலம், செத்தவீட்டைக் காட்டவில்லை. அடுத்த காட்சியில் ஒரு வெறும் இருக்கையில் மஞ்சள் துணி கிடந்தது. “துணியை விட்டிட்டுப் போட்டா,” என்றார் அம்மா. நான் ஓம் என்றேன்.

அடுத்த வெள்ளி பஸ்ஸை ஒரு மொட்டைத்தலைக்காரன் ஓட்டினான். “உவன் ஆர்? பஸ்காரி எங்கை?” இன்னும் வரவில்லை என்றேன். அதற்கடுத்த வெள்ளியும் அதே கேள்வி. தமக்கையும் சுகமில்லாமல் கிடக்கிறாள் என்று இல்லாத தமக்கைக்கும் ஒரு வருத்தத்தைக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலை. இதற்கிடையில் ஸ்கான் எடுத்தாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து கடிதம் வந்தது. வரும் திங்கட்கிழமை வரச் சொல்லி.

அந்தத் திங்களுக்கு முதல் வெள்ளி, நாடகத்தில் பெடியன் ஒரு சவக்காலைக்குப் போனான். ஒரு கல்லுக்கு முன்னால் நின்றான். மஞ்சள் துணியை மடித்து அந்தக் கல்லின் மேல் வைத்தான். நான் ரிமோட்டைத் தேடினேன். அது அம்மாவின் பக்கத்தில் இருந்தது. அம்மாவே படத்தை நிறுத்தினார்.

“செத்திட்டாவோ?”

“ஓம் அம்மா.”

“எப்ப?”

“மூண்டு கிழமைக்கு முதல்.”

அம்மா ரிமோட்டைக் கீழே வைத்தார். “நான் இவ்வளவு நாளும் அவ வருவா வருவா எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்,” என்றார். கோபப்படவில்லை. எழும்பிக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வைத்தார். எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. ஒரு பொய்க்கு ஒரு ஏச்சாவது விழுந்திருக்கலாம். அந்தத் தேத்தண்ணி எனக்கு இறங்கவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எனக்கு முறைப்படி மகள் வேலை மட்டும்தான். சொந்தக்காரருக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எத்தனையோ பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரி அனுப்பிய மொழிபெயர்ப்பாளர் இளம் ஆள், தமிழ்நாட்டுக்காரர். கழுத்தில் புது அட்டை தொங்கியது. என்னுடைய அட்டை என் கைப்பைக்குள் கிடந்தது. அம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டு நான் அவரிடம் போனேன். கால் தானாகப் போனது.

“தம்பி, ஒரு உதவி. உள்ளுக்கை அவை என்ன சொன்னாலும் அம்மாவுக்கு அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ. பித்தப்பைக் கல்லு எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை நான் வீட்டை வைச்சு ஆறுதலாச் சொல்லுறன்.”

அவர் முகம் வாடிவிட்டது. “புரியுதுக்கா. ஆனா டாக்டர் சொல்றதை நான் அப்படியே சொல்லணும். நீங்க இப்போ கேட்டதையும் டாக்டர்கிட்ட சொல்லியாகணும். தப்பா நினைக்காதீங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்தது, எனக்குச் சட்டம் சொல்லுது என்று பல்லைக் கடித்தேன். பிறகுதான் அந்த நாற்பது வயதுக்காரன் நினைவுக்கு வந்தான், மரக்கறித் தட்டுக்குப் பின்னால் நின்றவன். ஊருக்கடி உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்று சும்மாவா சொன்னார்கள்? வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனம் அந்த இளைஞன் சறுக்க வேண்டும் என்றே வேண்டிக்கொண்டிருந்தது.

அவர் சறுக்கவில்லை. உள்ளே போனதும் நான் கேட்டதை டொக்டரிடம் சொன்னார். டொக்டர் ஒரு நடுவயதுப் பெண். என்னைக் குற்றமாகப் பார்க்கவில்லை. கதிரையை அம்மாவுக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு கேட்டார். அவர் கேட்டதை இளைஞர் தமிழில் சொன்னார்.

“அம்மா, உங்க ரிசல்ட் என்கிட்ட இருக்கு. எல்லாத்தையும் நீங்களே தெரிஞ்சுக்க விரும்புறீங்களா? இல்ல, உங்க மகள்கிட்ட சொன்னா போதுமா? எதுவா இருந்தாலும் சரி.”

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த இளைஞரிடம் திரும்பினார்.

“நீங்களே சொல்லுங்கோ தம்பி. இவள் நாடகத்திலையே ஒருத்தரையும் சாக விடமாட்டாள்.”

விதி விதிதானே. அவர் அதையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். டொக்டர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் முதல்தடவையாக ஓர் ஆலோசனை அறைக்குள் நான் அழுதேன். அம்மா என் கையை விடவில்லை. கணையத்தில் கான்சர், ஈரலுக்கும் போய்விட்டது, வெட்டி எடுக்க முடியாது, சில மாதங்கள். அந்த இளைஞர் நிதானமாக, தெளிவாகச் சொன்னார். நல்ல மொழிபெயர்ப்பு. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

“நோகாமல் இருக்க மருந்து இருக்கோ எண்டு கேளுங்கோ தம்பி,” என்றார் அம்மா. இருக்கிறது என்றார்கள். “அப்ப சரி.” வெளியே வந்ததும் அம்மா அந்த இளைஞரின் தலையில் கை வைத்து, “நல்லாயிருங்கோ,” என்றார். எனக்குப் பக்கத்தில் நின்ற அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதைப் பற்றி அவரும் யாரிடமும் சொல்ல முடியாது. எங்கள் வேலையில் வீட்டுக்குக் கதை கொண்டுபோகக் கூடாது.

காரில் வீட்டுக்குக் கிட்ட வந்ததும், பால் முடிஞ்சுபோச்சு, கடையிலை நிப்பாட்டு என்றார் அம்மா.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டு வழமைபோல வந்து உட்கார்ந்தார். நான் அடுத்த பகுதியைத் தேடினேன்.

“அது வேண்டாம். பஸ்காரி செத்த அண்டைக்கு உள்ளதைப் போடு. இந்தமுறை ஒழுங்காச் சொல்லு.”

“வேண்டாம் அம்மா.”

“மூண்டு கிழமை என்னைப் பேய்க்காட்டினனீ. போடு.”

போட்டேன். கட்டிலில் பஸ்காரி. பக்கத்தில் அந்தப் பெடியன். அவள் ஒரு வசனம் சொல்ல நான் நிறுத்தினேன். என் வேலை எனக்குத் தெரியும். முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

“எனக்குக் கான்சர், மகன். டொக்டர்மார் இனி ஒண்டும் செய்யேலாதாம். எனக்கு நாள் கிட்டிட்டுது.”

அம்மா தலையாட்டினார். நான் மறுபடி ஓடவிட்டேன். நிறுத்தினேன்.

“வெள்ளிக்கிழமை நீ கட்டாயம் விளையாடப் போகவேணும். கூட்டத்துக்குள்ளை என்னைத் தேடாதை. தேடினியெண்டால் பந்தை விட்டிடுவாய்.”

பெடியன் வாயைத் திறந்தான். இரண்டே இரண்டு சொல். நான் படத்தை நிறுத்தினேன். அம்மா காத்துக்கொண்டிருந்தார்.

“அவன் என்ன சொன்னவன்?”

“தேடுவன், அம்மா.”

அம்மா சேலைத் தலைப்பால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, “ஓம், அப்பிடித்தான் சொல்லியிருப்பான்,” என்றார். “சரி, இனி அடுத்ததைப் போடு.”