கஞ்சிக்குப் பிறகு ஒரு செம்புத் தண்ணீர்

வெறுங்கோப்பையை வாங்கின கையோடு செம்பை நீட்டுவார். "இதையும் குடிச்சிட்டு எழும்புங்கோ." குடிக்காமல் ஒருவரும் அந்த வாங்குப் பலகையை விட்டு அசைய முடியாது. வங்காலைப் பக்கம் புதுக் குடியிருப்பின் வாசலில், தகரக் கொட்டிலில் இலைக்கஞ்சி விற்கிற மக்டலினின் சட்டம் அது.

முசுட்டை, முடக்கொத்தான், முருங்கை எல்லாவற்றையும் அரைத்து, வடிக்காமல் அப்படியே பானையில் போடுவார். பல்லில் சிக்கும். மன்னார்ச் சந்தைக்கு மீன் ஏற்றுகிற சாஹுல் ஹமீட்டுக்கு அது தினமும் ஒரு முறைப்பாடு.

"அக்கா, மன்னார் ரவுணில திரியிற கழுதையள் திண்டு மிஞ்சினதையே எனக்கு ஊத்துறீங்கள்?"

"கழுதை வயிறு கட்டி ஆசுப்பத்திரிக்குப் போனதை எங்கயும் பாத்தனீங்களே? சக்கையிலதான் அலுவல் இருக்கு. குடியுங்கோ."

வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பதினெட்டு வருசம் இருந்துவிட்டு, 2011இல் மகள் ஜெனிஸ்ராவோடு கப்பலேறி வந்தவர். கொட்டிலுக்குள் மடு மாதா படம் தொங்கும். பக்கத்திலேயே பொலித்தீன் உறைக்குள் இன்னொரு படம்: கிளினிக் துண்டின் பின்பக்கத்தில் ஒரு டொக்டர் அம்மா பென்சிலால் கீறிக் கொடுத்த மனுசக் குடல். மாதாவுக்கு வைக்கிற பூவில் ஒன்று அதற்கும் போகும்.

யாராவது அதென்ன என்று கேட்டால் போதும், அகப்பைக் காம்பால் தொட்டுக் காட்டுவார். "தண்ணி இந்த இரைப்பையில கனநேரம் நிக்காது, ஓடிடும். சோறு நாலு மணித்தியாலம் நிண்டுதான் இறங்கும். நார் கரையாது. இந்தச் சின்னக்குடல் முழுக்கச் சுத்தி, பெருங்குடல் வரைக்கும் அப்பிடியே வரும். தண்ணி இருந்தால் ஊறிப் பஞ்சு மாதிரி மற்றதையும் இழுத்துக்கொண்டு வெளிய போகும். இல்லாட்டி பெருங்குடல் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிப்போடும். பிறகு கல்லுத்தான்."

நான் அந்தக் குடியிருப்புக்கு வீட்டுத் திட்டத்தில் கக்கூஸ் கட்ட வந்த மேசன். பள்ளிக்கூடத்தில் கனகாலம் இருக்கவில்லை. ஆனால் தண்ணீர் போதாத சீமெந்துக் கலவை தாச்சிச் சட்டியிலேயே இறுகும் என்பது தெரியும். அந்தப் படத்தை எனக்கு யாரும் இரண்டு தரம் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எனக்கு விளங்காதது வேறொன்று. ஊருக்கெல்லாம் ஊற்றுகிற மனுசி தான் ஒரு மிடறு குடித்ததைக் காணவில்லை. உதடு வெடித்திருக்கும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நான் குடிச்சால் எங்க போறது, மேசன்?" என்றார். "கண்ணிவெடி எடுக்க எண்டு பத்தையெல்லாம் வெட்டி எங்கும் வெளியாக்கிப்போட்டாங்கள். வெளிக்குப் போகத்தான் இடமில்லை."

சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குடியிருப்பில் பெண்கள் விடிய முதல் ஒருதரம் போவார்கள், பிறகு இருட்டின பின்தான். இடையில் ஒதுங்க வேண்டி வருமே என்று பகல் முழுக்க வாயை நனைப்பதில்லை. மக்டலினுக்கு வயிறு கட்டினபோது நார் போதாதென்று நினைத்து இலையை இன்னும் கூட்டி, பனங்கிழங்கு ஒடியல் பிட்டும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார், தண்ணீர் இல்லாமல். ஆறாம் நாள் வயிறு பானை போல வீங்கி, ஆசுப்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "இன்னொருக்கா இப்பிடி அடைச்சால் வயித்தை வெட்டோணும்" என்று சொல்லித்தான் அந்த டொக்டர் அம்மா படம் கீறிக் கொடுத்தாராம்.

அதற்குப் பிறகும் அவர் குடிக்கவில்லை. ஆனால் ஒரு பயம் பிடித்திருந்தது. "மகள் பள்ளிக்கூடம் கொண்டுபோற போத்தல் நிறைச்சபடியே திரும்பி வருது, மேசன். நான் சொல்லிக் குடுக்கேல்லை. என்னைப் பாத்துப் பழகியிருக்கிறாள்."

கக்கூஸ் வரிசையில் அவருடையது பத்தாவது குழி. நான் அதை மூன்றாவதாக்கினேன். மற்றவர்கள் ஏசினார்கள், ஏசட்டும். சுவர் எழும்பியது, மூடி போட்டாயிற்று, கதவு மட்டும் வரவில்லை. வருகிற மாதம் என்றார்கள் திட்டக்காரர். மக்டலின் கதவுக்குப் பதில் சேலையைக் கட்டிப் பார்த்தார். இந்தச் சோளகக் காற்றில் சேலை நிற்குமா? கடைசியில் என் சாரப் பலகை நாலை அறுத்து நானே ஒரு கதவு அடித்தேன்.

சுற்றிவந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"மேசன், ஆரைப் பூட்டி வைக்கப் போறீங்கள்?"

கொண்டியை வெளிப்பக்கம் அடித்திருந்தேன். முப்பது வருசம் கதவு போட்ட கை. களஞ்சிய அறைக்குப் போடுகிற மாதிரியே போட்டிருக்கிறது. கழற்றி உள்பக்கம் அடித்தேன்.

உள்ளே போனார். கொண்டி விழுகிற சத்தம் கேட்டது. திறந்தார். திரும்பப் போட்டார். மூன்றாம் தரம் போட்டுவிட்டு உள்ளேயிருந்து, "தள்ளிப் பாருங்கோ" என்றார். தோளால் தள்ளினேன். அசையவில்லை.

வெளியே வந்தபோது பள்ளிக்கூடம் விட்டு ஜெனிஸ்ரா வந்துகொண்டிருந்தாள். நல்ல வெயில். மக்டலின் அவளுடைய பையிலிருந்து போத்தலை எடுத்து, மூடியைத் திருகி, அண்ணாந்து பாதி வரைக்கும் மடமடவென்று குடித்தார். கழுத்தால் வழிந்ததைத் துடைக்கவில்லை. மிச்சத்தை மகளிடம் நீட்டினார்.