சங்கு நிற்கும் வரை

வியட்நாம் சண்டையில், சைகோனில் குண்டு விழும்போதெல்லாம் அபாயச் சங்கு அலறும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு புதுச்சேரிப் பக்கம் வில்லியனூருக்கு வந்தால் இங்கேயும் ஒரு சங்கு. மில்லில் ஷிப்டு மாறுகிறதாம். நமக்காக மில்லை மூடவா முடியும்?

மகள் இங்கே பிறந்தவள். சண்டையைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது எங்களோடு போகட்டும் என்று நினைத்தேன்.

அவளுக்கு ஐந்து வயதிருக்கும். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி கைக்குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். மதியச் சங்கு ஊதியது. வந்து பார்த்தால் பாயில் குழந்தை இல்லை. கட்டிலுக்கு அடியில் என் மகள் அவனை மடியில் இறுக்கிக்கொண்டு வாயைப் பொத்தியிருந்தாள்.

"அழாதடா, சங்கு நிக்கட்டும்."

ஓடிப்போய் இழுக்க வேண்டியவள் அப்படியே நின்றேன். கஸ்தூரிதான் வந்து பிள்ளையைப் பிடுங்கினாள்.

"இன்னாடி பண்ற? மூச்சு முட்டிடப் போவுது! யாருடி இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

மகள் என்னைப் பார்த்தாள்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் கை என் வாயை இறுகப் பொத்தியிருந்தது. தினமும் சங்கு ஊதும்போது அது அங்கேதான் போயிருக்கிறது. அவள் பார்த்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை.